காலி, திருப்பு

ஜூலை 3

அக்காவுக்கு,

வந்து சேர்ந்தேன். விடுதியில் அறை கிடைத்தது. ஒரே ஜன்னல். அதில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் பாதி மரமும் தெரிகின்றன. மீதி மரத்தைப் பார்க்க மாடிப்படிக்குப் போக வேண்டும்.

போனில் பேச வேண்டாம், எழுதிக்கொள்வோம் என்று அம்மா சொன்னது சரிதான். போனில் நமக்கு மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடும். காகிதத்தில் அதைத் தாண்டிவிட்டேன், பார்.

ஆனால் கோபம் இருக்கிறது. ஸ்டேஷனில் பெட்டியை மேலே ஏற்றி வைத்துவிட்டு, பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னாயே: "இவளா? நான் இல்லாம தெருமுனைகூடத் தாண்ட மாட்டா. ஒரு மாசம். பெட்டியோட திரும்பி வந்து நிப்பா பாருங்க." அவர் சிரித்தார். இரவு சாப்பிடும்போது சிரித்தார். காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து என்னைப் பார்த்ததும் மறுபடி சிரித்தார். நான் உனக்குக் கை அசைக்காமல் போனது மறதி இல்லை.

நகரம் பெரிது. பல்கலைக்கழகம் அதைவிடப் பெரிது என்று தோன்றுகிறது. முதல் மூன்று நாள் நடந்தேன். நடப்பதற்குக் காசு வேண்டாம், செருப்புதான் வேண்டும். வலது செருப்பு போய்விட்டது.

நேற்று மாணவர் பஸ் பாஸ் எடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் என் போட்டோவைப் பார்த்து, "இது நீதானா?" என்றார். ஆமாம் என்றேன். "கொஞ்சம் கோவமா இருக்கியே" என்றார். ரயிலில் இருந்து இறங்கியதும் எடுத்த போட்டோ.

பாஸ் கையில் வந்த உற்சாகத்தில் ஒரு பஸ்ஸில் ஏறினேன். அது எதிர்த்திசை. சுற்றுவழிப் பஸ். நகரம் முழுவதையும் ஒரு வளையம் சுற்றிவிட்டு, ஏறிய இடத்திலேயே இறக்கிவிட்டது. கண்டக்டர் கேட்டார், "எங்க போகணும்னு ஏறினே?" இங்கதான் என்றேன். அவர் என் பாஸைப் பார்த்துவிட்டு, "அப்ப சரியாத்தான் வந்திருக்கே" என்றார்.

தெருமுனை தாண்டிவிட்டேன். தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

தங்கை


ஜூலை 9

அடி வாலு,

"தங்கை" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். தாலுகா ஆபீசில் மனு கொடுப்பதுபோல. நீ பிறந்ததிலிருந்து வாலு. கோபம் வந்தால் மட்டும் தங்கையாகிவிடுவாயா?

நான் அந்த ஆளிடம் சொன்னது விளையாட்டுக்கு. வேறு என்ன சொல்வது? "சார், இவளை அனுப்ப எனக்கு மனசே இல்லை" என்றா? நீ ஊரிலேயே கல்லூரியில் சேர்ந்திருக்கலாம் என்று இன்னமும் நினைக்கிறேன். அதை மறுபடி ஆரம்பிக்கவில்லை. நினைக்கிறேன் என்று மட்டும் சொல்கிறேன்.

அம்மா நலம். பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கும் பருவம். வீடு முழுக்க நீலத்துணி. நம் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டவா என்றேன். "உனக்கு எழுதினதை நீயே படிச்சுக்கோ. நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தா வீட்ல மிஷின் சத்தமாவது ஒழுங்கா கேக்குது" என்றாள்.

கண்ணாடிக் கடையில் எனக்குக் கொஞ்ச நாள் வேலை மாற்றம். லென்ஸ் தேய்க்கும் மெஷினில் இருந்து எழுப்பி, முன்னால் வாடிக்கையாளர் பக்கம் உட்கார வைத்திருக்கிறார் முதலாளி. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெரியவர் தினமும் வந்து எல்லா பிரேமையும் போட்டுப் பார்க்கிறார். எதையும் வாங்குவதில்லை. "எதுல நான் புத்திசாலியா தெரியறேன்?" என்று கேட்கிறார். எதையாவது காட்டி அனுப்பிவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சைக்கிளை உனக்கு பார்சல் லாரியில் அனுப்புகிறேன். எனக்கு இனி அது வேண்டாம். கடை வாசலிலேயே பஸ் நிற்கிறது. நீ அந்த வளையப் பஸ்ஸில் பைத்தியம்போலச் சுற்றாமல் சைக்கிளில் போ. செருப்பும் மிஞ்சும்.

எழுத்து கோணலாக இருக்கும். பேனா சரியில்லை.

அக்கா


ஜூலை 18

அக்காவுக்கு,

சைக்கிள் வந்தது. லாரி ஆபீசில் இருந்து தள்ளிக்கொண்டு வந்தேன். பழைய ஆளைக் கூட்டி வருவதுபோல இருந்தது. கேரியரில் என் இடம் அப்படியே பளபளவென்று இருக்கிறது. மீதி எல்லாம் துரு.

ஹேண்டில் இடது பக்கம் வளைந்திருக்கிறது. மட்கார்டில் புதுச் சொட்டை. மணியைக் காணோம். லாரிக்காரரிடம் கேட்டேன். "ஏத்தும்போதே இப்படித்தாம்மா இருந்துச்சு" என்றார். எல்லா லாரிக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள், இல்லையா?

நன்றி. தயக்கத்தோடு எழுதுகிறேன். நீ அதை விரும்பி அனுப்பினாயா, வேண்டாம் என்று அனுப்பினாயா என்று தெரியவில்லை. நம் பள்ளிக்கூடம், நூலகம், மழை எல்லாவற்றிலும் அது நடுவில் இருந்தது. நீ முன்னால். நான் பின்னால், முதுகுக்கு முதுகு, திரும்பி உட்கார்ந்து. எனக்குத் தெரிந்த ஊர் எல்லாமே விலகிப்போகிற ஊர்தான். இங்கே வந்த பிறகுதான் தெருக்கள் என்னை நோக்கி வருகின்றன. பழக நாளாகிறது.

என் அறைத்தோழியைப் பற்றிச் சொல்லவில்லையே. கணக்குப் படிக்கிறாள். எதற்கும் ஒரு எதிர்ப்பேச்சு வைத்திருப்பாள். விடுதியில் எல்லோருக்கும் அவள் அகராதி. பெயர் வைத்தது நான் இல்லை. வார்டன்.

இங்கே யாரிடமும் பணம் இல்லை. ஆனால் எல்லோரும் எங்கேயோ போய்க்கொண்டே இருக்கிறார்கள். விடுதி வாசலில் ஒரு கரும்பலகை. யார் எங்கே போகிறார்கள், யாருக்கு இடம் வேண்டும் என்று சாக்கட்டியால் எழுதி வைப்பார்கள். "நூலகம், மாலை, பின்சீட் காலி." "ரயில்வே ஸ்டேஷன், வேனைப் பங்கு போட இன்னும் ஒருத்தி தேவை, ஒல்லியாக இருந்தால் நல்லது." "பெரிய மார்க்கெட், நடை, பேச்சுத்துணை மட்டும்." ரொட்டி வேன்காரர் காலையில் மருத்துவ மாணவிகள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகிறார். அவர்கள் நாள் முழுக்க ரொட்டி மணக்கிறார்கள். மூன்றாம் மாடியில் ஒருத்தி எங்கேயும் ஓடியே போகிறாள். வியர்வை தவிர செலவில்லை என்கிறாள். அவள் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குத்தான் செலவு.

தாவரவியலில் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்தி கொடுத்திருக்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பல்கலைக்கழக நாற்றுத் தோட்டம். எனக்குத் தக்காளி. விடியற்காலையில் போய் அளந்து, நீர் விட்டு, எழுத வேண்டும். மூன்று தடவை தவறினால் பாத்தியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பாத்தி போனால் செய்முறைத் தேர்வு போகும், அதோடு வருடமும் போகும். முதல் பஸ் கிளம்பும்போது எங்கள் வேலையே முடிந்திருக்கும். வகுப்பில் மற்ற எல்லோரும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள்.

கவலைப்படாதே. தினமும் சைக்கிளில்தான் போகிறேன்.

வாலு


ஜூலை 25

அடி வாலு,

தினமும் சைக்கிளில் போகிறாயா. நல்லது. அம்மாவிடம் சொன்னேன். அவள் தையலை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவளா?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி" என்று மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். அம்மாவின் "சரி"யில் எத்தனை வகை உண்டு என்று உனக்கே தெரியும்.

ஹேண்டில் வளைந்தது லாரிக்காரர் வேலைதான். அவர்கள் சாமானை எப்படித் தூக்கிப் போடுகிறார்கள் என்று பார்த்திருக்கிறாயா? மணி பழசு. தானாக விழுந்திருக்கும்.

புத்திசாலிப் பெரியவர் இன்றைக்கும் வந்தார். இந்தத் தடவை மனைவியோடு. அந்த அம்மா எல்லா பிரேமையும் பார்த்துவிட்டு, "மூஞ்சியை மாத்த முடியுமா இங்க?" என்று கேட்டார். முதலாளி உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

இனி ஒரு கேள்வி. சும்மா கேட்கிறேன். நீ அந்த ஊரில் வளைவில் திரும்பும்போது பின்னால் வண்டி வருகிறதா என்று எப்படிப் பார்க்கிறாய்? நம் கடைக்கு ஒரு பையன் புதிதாக சைக்கிளில் வருகிறான், அவனுக்காகக் கேட்டேன். பின்னால் திரும்பினால் ஹேண்டிலும் சேர்ந்து திரும்பிவிடுகிறதாம். பாவம். நமக்கு அந்தத் தொல்லையே இருந்ததில்லை. நீ கத்துவாய். "பொறு" என்றால் நான் பொறுப்பேன். "பெரிசு" என்றால் ஓரம் கட்டுவேன். "காலி, திருப்பு" என்றால் திருப்புவேன். நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. கையைக்கூட நீதானே நீட்டுவாய்?

அந்தப் பையனுக்கு விவரமாக எழுது. அவசரம் ஒன்றுமில்லை. உடனே எழுது.

அக்கா


ஆகஸ்ட் 1

அக்காவுக்கு,

நீ கொடுத்த ஒரு மாதம் முடிந்துவிட்டது. பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதன் மேல் வெங்காயம் வைத்திருக்கிறோம்.

அந்தப் பையனுக்குச் சொல்: முதலில் காதால் பார்க்க வேண்டும். பஸ் வருவது முதுகெலும்பில் தெரியும். லாரி அதைவிடக் கரகரப்பு. சைக்கிள் என்றால் சங்கிலி மட்டும் கேட்கும். கார்தான் திருடன் மாதிரி வரும், டயர் உரசுகிற சத்தத்தைக் கவனிக்க வேண்டும். திருப்பத்துக்கு வெகு முன்னாலேயே கையை நீட்ட வேண்டும். கடைசியில் நீட்டுவது கை இல்லை, கெஞ்சல். பிறகு மோவாயைத் தோளுக்குக் கொண்டுபோ. தோள் மோவாயிடம் வரக்கூடாது. தோள் வந்தால்தான் ஹேண்டிலும் வரும்.

இன்னொன்று. பின்னால் வருகிறவரின் வண்டியைப் பார்க்காதே. முகத்தைப் பார். முகத்தைப் பார்த்துவிட்டால் யாரும் இடிப்பதில்லை, மெதுவாக்கிவிடுகிறார்கள். இத்தனை வருடம் நான் அங்கே உட்கார்ந்து செய்தது அதுதான். உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உலகம் மெதுவாக்கியது.

பையன் என்ன வயது?

எனக்கும் ஒரு கேள்வி. அகராதிக்கும் எனக்கும் பந்தயம். நின்ற சைக்கிளில் கிளம்பும்போது முதல் மிதி வலதா, இடதா? ஏறி உட்கார்ந்த பிறகு மிதிப்பதா, மிதித்துவிட்டு உட்காருவதா? ஆரம்பத்தில் அது ஆடுமே, அப்போது நீ என்ன நினைப்பாய்? எனக்குத் தெரியும். அவள் நம்ப மாட்டேன் என்கிறாள். நீ எழுதினால் நம்புவாள்.

கொஞ்சம் விவரமாகவே எழுது. அவள் மந்தம்.

வாலு


ஆகஸ்ட் 7

அடி வாலு,

கணக்குப் படிக்கிற பெண் மந்தமா? சரி, அந்த மந்தமான பெண்ணிடம் சொல்.

சைக்கிளை உன் பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொள். அந்தப் பக்கப் பெடலை மேலே கொண்டு வா. உச்சிக்கு வேண்டாம். கடிகாரத்தில் இரண்டு மணிக்கு முள் நிற்கும் இடம். பாதத்தை அதில் வை. முதல் மிதியே உன்னைத் தூக்கி சீட்டில் உட்கார வைக்கும், நீயாக ஏற வேண்டியதில்லை. பயந்து மெதுவாக மிதிப்பவள்தான் விழுவாள். தைரியமாக மிதித்தால் அது ஆடாது. ஆடினால் இன்னும் ஒரு மிதி.

கீழே பார்க்காதே. பெடல் எங்கேயும் ஓடிப்போகாது. நீ எங்கே போக வேண்டுமோ அங்கே பார். எதை இடித்துவிடக் கூடாது என்று நினைக்கிறாயோ அதைப் பார்த்தால், சத்தியமாக அதைத்தான் இடிப்பாய். சலவைக்காரர் வண்டியாக இருந்தாலும் சரி.

ஆடும்போது நான் என்ன நினைப்பேன் என்று கேட்டாய். இதுவரை யோசித்ததில்லை. நேற்று மெஷின் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். (மெஷினுக்குத் திரும்ப வந்துவிட்டேன். பேனாவும் சரியாகிவிட்டது.) பின்னால் வாலு இருக்கிறாள், போட்டால் அழுவாள் என்று நினைப்பேன். அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு இது உதவாது. அவள் வேறு யாரையாவது நினைத்துக்கொள்ளட்டும்.

வண்டியைக் காலி இடத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல். விழுந்தால் யாரும் பார்க்காத இடம். முட்டிக்குத் துணி சுற்றிக்கொள்ளச் சொல். "அவளுக்கு" அடிபட்டால் எனக்கு எழுது.

அக்கா

கடைப் பையனுக்கு வயது கொஞ்சம் அதிகம்தான்.


ஆகஸ்ட் 14

அக்காவுக்கு,

இதை நீ படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். நல்லபடியாகவோ இல்லாமலோ. அதனால் பொய் சொல்ல அவசியம் இல்லை.

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

தினமும் சைக்கிளில்தான் போனேன். அது பொய் இல்லை. அகராதி ஓட்டினாள். அவள் நீச்சல் அணியில் இருக்கிறாள், குளம் என் தோட்டத்துக்குப் பக்கத்தில். அவளிடம் வண்டி இல்லை, என்னிடம் ஓட்டத் தெரிந்த கால் இல்லை. கரும்பலகையில் எழுதினோம், உடனே அழித்தோம். நானே எழுதி, அவளே படித்து, முடிந்துவிட்டது. இத்தனை தூரம் வந்தும் கேரியரில்தான் உட்கார்ந்தேன். அவளிடமும் "காலி, திருப்பு" என்று கத்தினேன். "காலின்னா? எதிர்ல வர்றது காலியா, பின்னால வர்றது காலியா, உன் மண்டை காலியா?" என்று கேட்டாள். பிறகு பழகிவிட்டாள்.

முந்தாநாள் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. முகம் பூசணிக்காய். வாயைத் திறக்க முடியவில்லை. ஜென்மத்தில் முதல் தடவையாக எதிர்ப்பேச்சு இல்லாமல் இருக்கிறாள். விடுதிக்கே அது ஒரு விடுமுறை. அவளைத் தனி அறையில் போட்டுவிட்டார்கள்.

இரண்டு காலைகள் போய்விட்டன. தோட்ட மேற்பார்வை அம்மாவிடம் மதியம் போய் நின்றேன். லீவு கடிதம் கொடுத்தேன். "உனக்கு லீவு கொடுக்கலாம். தக்காளிக்கு யாரு கொடுக்கிறது? அதுக்குப் படிக்கத் தெரியாதே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மூன்றாவது காலை நாளை.

விடுதியின் பின்முற்றத்தில் மாலை முழுக்கப் பழகினேன். இரண்டு மணி முள். முதல் மிதி. அகராதி தன் ஜன்னலில் இருந்து துடைப்பத்தை ஆட்டி எனக்கு வழி காட்டினாள். வலது பக்கம் ஆட்டினால் வலது. மேலே தூக்கினால் என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. அப்போதுதான் வேலியில் விழுந்தேன். வேலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ சொன்னபடியே.

கடைசித் தடவை முற்றத்தின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு விழாமல் போனேன். அங்கே சுவர் இருந்தது.

உன்னிடம் இதைச் சொல்லாமல் இருந்தது அந்தத் தெருமுனைப் பேச்சால். நீ சொன்னது சரியாகிவிடக்கூடாது என்று. அது மட்டும்தான்.

நாளை பாலம் தாண்ட வேண்டும்.

வாலு


ஆகஸ்ட் 14

அடி வாலு,

உன் பதில் வருவதற்கு முன்னால் எழுதுகிறேன். காத்திருக்க முடியவில்லை. இன்றைக்குச் சொல்லாவிட்டால் அம்மா சொல்லிவிடுவாள். "நாக்கு அரிக்குதுடி, நீ சொல்றியா நான் சொல்லவா?" என்கிறாள்.

உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. எனக்குத் தெரியும். முதல் மிதி எது என்று நீ கேட்ட அன்றே தெரிந்தது. அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை, சத்தியமாக. நாம் இருவரும் சைக்கிளில் வளர்ந்தோம், அதனால் இருவருக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். சிரிக்காதே. ஏனென்றால் எனக்கும் தெரியாது.

உன் ரயில் போன மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்பினேன். வண்டி லேசாக இருந்தது. பின்னால் ஒன்றுமில்லாமல் முன்சக்கரம் தூக்குவதுபோல. தெருமுனைக்கு வந்தேன். வழக்கம்போல மெதுவாக்கினேன். காத்திருந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. "காலி, திருப்பு" வரவில்லை. பின்னால் இருந்த கார்க்காரனுக்குப் பொறுமை இல்லை, ஹாரன் அடித்தான். பதறித் திருப்பினேன். நேராகச் சலவைக்காரர் வண்டி. வெளுத்து மடித்த துணி மூட்டைகள் மேல் மெத்தென்று விழுந்தேன், மணிக்கட்டு மட்டும் கீழே மாட்டிக்கொண்டது. சலவைக்காரர் என்னைத் தூக்கவில்லை. "அம்மா, அது டாக்டர் வீட்டுத் துணி" என்று அழுதார். அம்மா அன்றைக்கு முழுக்க டாக்டர் வீட்டுத் துணி துவைத்தாள்.

எந்தத் தெருமுனை என்று நீ கேட்கக் கூடாது.

உன்னைப் பற்றி நான் சொன்ன வார்த்தை, ஒரு நாள்கூட ஆகவில்லை, என் தலையில் வந்து உட்கார்ந்தது. ஒரு மாதம் இடது கையால் எழுதினேன். இனி அதைப் பார்க்கவே வேண்டாம் என்று சைக்கிளை உனக்கு அனுப்பினேன். அன்பால் என்று நினைத்திருந்தால் அப்படியே நினைத்துக்கொள், கொஞ்சம் அதுவும் உண்டு.

கடைப் பையன் என்று யாரும் இல்லை.

உன் கடிதம் வந்ததில் இருந்து முதலாளியின் பழைய சைக்கிளை வாங்கி, கடைக்குப் பின்சந்தில் பழகினேன். முதலில் காது. மோவாய் தோளுக்கு. இன்றைக்குக் காலையில் நம் தெருமுனைக்குப் போனேன். கை நீட்டினேன், கெஞ்சலாக இல்லாமல். முதுகெலும்பில் பஸ். திரும்பி டிரைவரின் முகத்தைப் பார்த்தேன். நீ சொன்னபடி நன்றாகப் பார்த்தேன். அவர் பஸ்ஸையே நிறுத்திவிட்டார். தலையை வெளியே நீட்டி, "என்னம்மா, எங்கிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றார். ஒன்றுமில்லை என்று திருப்பிக்கொண்டு போனேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இவ்வளவு நாளும் நீ எனக்கு ஒரு சுமை என்று நினைத்து மிதித்தேன். எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

பத்திரமாக ஓட்டு. அல்லது ஓட்டாதே. ஏதாவது ஒன்று எழுது.

அக்கா


ஆகஸ்ட் 20

அக்கா,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. வணக்கம் சொல்லாமல்.

நான் தாண்டினேன்.

சொல்கிறேன். வெளிச்சம் வரும் நேரம். கரும்பலகையில் யாரோ, "தாவரவியல், தக்காளி, தனியாக" என்று எழுதியிருந்தார்கள். அகராதியின் எழுத்து. தனி அறையில் இருந்து எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. வார்டனுக்கும் தெரியக்கூடாது.

இரண்டு மணி முள். முதல் மிதி. ஆடியது. இன்னும் ஒரு மிதி. உனக்குப் பின்னால் நான் இருந்தேன், எனக்குப் பின்னால் யாரும் இல்லை. எதை நினைப்பது? தக்காளியை நினைத்தேன். கீழே பார்க்கவில்லை. தெரு என்னை நோக்கி வந்துகொண்டே இருந்தது, அக்கா. கடைகளின் மூடிய கதவுகள், பால் பெட்டிகள், ஒரு நாய், எல்லாம் முன்னாலிருந்து வந்தன. நாயைப் பார்க்கவில்லை. அதனால் அது பிழைத்தது.

பாலம் ஏற்றம். நின்று மிதித்தேன். கீழே ஆறு. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. யாரும் இல்லை.

பாலம் இறங்கியதும் தோட்டத்துக்கு ஒரு திருப்பம். முதுகில் ஒரு கரகரப்பு. லாரி இல்லை, அதைவிட லேசு. வேன். கை நீட்டினேன். மோவாயைத் தோளுக்குக் கொண்டுபோனேன். ரொட்டி வேன்காரர். அவர் முகம். மெதுவாக்கினார். கண்ணாடிக்குப் பின்னால் மருத்துவ மாணவிகள் இரண்டு பேரும் கை தட்டினார்கள்.

"காலி, திருப்பு" என்று சத்தமாகச் சொன்னேன். எனக்கு நானே. திருப்பினேன்.

நிறுத்துவது பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை. நீ நிறுத்துவதற்கு முன்னாலேயே நான் எப்போதும் குதித்துவிடுவேன் அல்லவா? தோட்டத்தின் கேட் திறந்திருந்தது. பாத்திகள் கடந்துபோயின. என் பாத்தியும் கடந்துபோனது. உரக்குவியலில் போய் நின்றேன். மெத்தென்று. நீ சொன்ன துணி மூட்டை அளவுக்குச் சுத்தமாக இல்லை.

மேற்பார்வை அம்மா வாளியோடு வந்து பார்த்தார். "வந்துட்டியா? செடிக்கு முன்னாடி உரத்தையே பார்க்க வந்துட்டே" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

தக்காளி பூத்திருக்கிறது. ஒரு பூ. மஞ்சள். வருகைப் பதிவில் நேரம் எழுதும் இடத்தில் கொஞ்சம் உரம் ஒட்டிவிட்டது.

உன் கடிதத்தை இன்று மதியம் படித்தேன். "எந்தத் தெருமுனை" என்று கேட்கவில்லை. அகராதியின் ஜன்னலுக்குக் கீழே நின்று படித்துக் காட்டினேன். டாக்டர் வீட்டுத் துணி வந்ததும் சிரிக்கப் பார்த்தாள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சுமைதான் நான். ஆனால் கண் இருந்த சுமை.

உன் வாலு


ஆகஸ்ட் 27

அடி வாலு,

நிறுத்துவது: இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடி. முன்பிரேக்கை மட்டும் பிடித்தால் தலைகீழாகப் போவாய். நிற்பதற்கு முன்னால் ஒரு காலை இறக்கத் தயாராக வை. இதைச் சொல்லாமல் உன்னைப் பாலத்துக்கு அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கியது.

உன் கடிதத்தை இந்தத் தடவை அம்மாவே கேட்டு வாங்கிப் படித்தாள். உரக்குவியல் வந்த இடத்தில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் சிரித்தாள். பிறகு, "ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு ஆள். இதுக்கா நான் ரெண்டு பெத்தேன்?" என்றாள்.

புத்திசாலிப் பெரியவர் கடைசியில் ஒரு பிரேம் வாங்கிவிட்டார். முதலாளி மகிழ்ச்சியில் எனக்கு இரண்டு நாள் லீவு கொடுத்தார். சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். மணி கொண்டு வருகிறேன், சைக்கிளுக்கு. ஸ்டேஷனில் இருந்து உன் விடுதிக்கு எந்தப் பஸ் என்று எழுது. வளையப் பஸ் வேண்டாம். அல்லது, வேண்டுமானால் அதிலேயே ஒரு சுற்றுச் சுற்றுவோம்.

அக்கா


செப்டம்பர் 1

அக்கா,

பஸ் வேண்டாம். ஸ்டேஷன் வாசலில் வலது பக்கம், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நில். வாடகைக் கார்க்காரர்கள் சூழ்வார்கள். "என் தங்கச்சி வர்றா" என்று சொல். நம்ப மாட்டார்கள். நில்.

சின்னப் பெட்டி கொண்டு வா.

கரும்பலகையில் எழுதிவிட்டேன்: "ஸ்டேஷன், சனிக்கிழமை காலை. திரும்பும்போது பின்சீட்டில் ஆள் உண்டு."

வாலு


செப்டம்பர் 9

அடி வாலு,

நேற்று காலை வந்து சேர்ந்தேன். இப்போது கடையில் இருந்து எழுதுகிறேன். லென்ஸ் ஒன்று குளிர்வதற்காகக் காத்திருக்கிறது.

ஊருக்கு வந்ததும் எல்லோரும் கேட்டார்கள், அந்த நகரம் எப்படி இருந்தது என்று. தெரியவில்லை என்றேன். நான் பார்த்ததெல்லாம் விலகிப்போகிற தெரு. மூடிய கடைகள் பின்னால் போயின. பாலம் பின்னால் போனது. ஆறு அகலமாகி, பிறகு சின்னதாகி, ஒரு கோடாகி, போனது. உன் முதுகு என் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. மிதிக்கும்போது அது அசைவது எனக்குத் தெரியாதே இத்தனை நாள். நான் உட்கார்ந்ததும் வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. "என்னக்கா இவ்வளவு கனம்?" என்றாய். பழிக்குப் பழி. சரி.

அகராதியின் கன்னம் இறங்கிவிட்டது. வாய் திரும்பிவிட்டது. எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது, அவளிடம் சொல்லாதே. உன் தக்காளி இரண்டும் எனக்கு மாங்காய்போலத் தெரிந்தன, அதை மேற்பார்வை அம்மாவிடம் சொல்லாதே.

எழுத வந்தது இது. தக்காளி பார்க்கப் போகும்போது, பாலம் இறங்கியதும் அந்தத் திருப்பம் வந்ததே. நான் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். சாலையில் ஒன்றும் இல்லை, ஒரு காகிதப் பை மட்டும் உருண்டு வந்தது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். உன் முதுகு அசைந்தது. ஓரக்கண்ணில் உன் மோவாய் தெரிந்தது, தோளுக்கு மேலே. நீயே பார்த்துவிட்டாய். இனி உனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது. ஒரு நொடி மனசுக்கு என்னமோபோல இருந்தது. ஒரு நொடிதான்.

அதற்குள் நீ திருப்பாமல் மெதுவாக்கினாய். சாலை முழுக்கக் காலி என்று பார்த்த பிறகும் கேட்டாய்:

"அக்கா, காலியா?"

நான் அந்தக் காகிதப் பை போகும்வரை உன்னைப் பொறுக்க வைத்தேன். பிறகுதான் சொன்னேன்.

அக்கா